ஆள் மாறக் கூடாது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் ‘குழியக்கா’ என்று பட்டப்பெயர். எலும்பைச் சீவி எடுத்த மெல்லிய வில்லைகளின் மேல், எலும்பைத் தின்னும் செல்களை விட்டு வளர்ப்பார்கள். தின்ற இடம் குழியாகும். சாயம் ஏற்றினால் மைக்ராஸ்கோப்பில் குழி கருநீலமாகத் தெரியும். அதன் கரையை மவுஸால் சுற்றி வரைந்து பரப்பளவு எடுப்பதுதான் அவள் பிழைப்பு. புது மருந்து எலும்பைக் காப்பாற்றுகிறதா இல்லையா என்பதற்கு அவள் கோடுதான் சாட்சி.

பெருமையான வேலைதான், யார் இல்லை என்றார்கள்? அந்தப் பெருமைதான் கழுத்தைப் பிடித்தது. மங்கலான கரையை ஒருத்தர் குழி என்பார், இன்னொருத்தர் வெறும் கறை என்பார். அதனால் ஆய்வு முடியும்வரை அளக்கும் ஆள் மாறக் கூடாதாம், பேராசிரியர் உத்தரவு. கணவன் வேலை மாற்றலாகி, மகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டான். பின்னாலேயே வருகிறேன் என்றவள் இன்னும் இந்த இருட்டறையில்.

“செல்லு எலும்பைத் தின்னுது, உங்க சார் நம்ம குடும்பத்தைத் தின்னுறாரு” என்றான் அவன் போனில். “பாப்பா இப்பல்லாம் உன்னைக் கேக்கறதே இல்ல.”

மறுநாளே பேராசிரியரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாமே.

“உங்க இடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணைப் போடறேன். அவ அளவும் உங்க அளவும் ஒத்துப் போகட்டும்மா. உடனே கிளம்பிடுங்க.”

புதுப் பெண் கெட்டிக்காரிதான். ஆனாலும் இருவர் அளவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. தவறு யார் பக்கம் என்று பார்க்க, முன்பே அளந்த வில்லைகளை அடையாளம் மறைத்து மறுபடி அளந்தாள் குழியக்கா. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஆரம்பத்தில் கறை என்று விட்டதையெல்லாம் இப்போது குழி என்று சேர்த்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு யாரோ விழுங்கப்போகிற மருந்தாயிற்றே, மனசு கேட்கவில்லை. கூடவே ஒரு நப்பாசையும் இருந்தது: இந்தக் கண்ணை இனி எதற்குப் பிடித்து வைப்பார்?

“என் அளவே எனக்கு ஒத்து வரல சார். என்னை விட்டுடுங்க.”

பேராசிரியர் அவளுடைய பழைய அளவையும் புது அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஆளை நான் எங்கம்மா போய்த் தேடுவேன்? எல்லாத்தையும் முதல்லேருந்து நீங்களே பாத்துடுங்க.”

சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். மாலையில் கணவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள்.

“சரி, உடம்பைப் பாத்துக்கோ” என்றான், தூரத்துச் சொந்தக்காரியிடம் சொல்வதுபோல.