சுத்தி அடித்தால்தான் வரும்

நடந்தவை:

1. அண்ணன் திருப்போரூருக்குப் பக்கத்தில், பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார்.
2. ஐ.டி.ஐ. முடித்துக் கல்பாக்கத்தில் ஒப்பந்த ஃபிட்டரானார். அப்பா படுக்கையில் விழுந்தபின் வீட்டையும் என் டிப்ளமோ படிப்பையும் அவரே தாங்கினார்.
3. திருமணமாகி மாமல்லபுரம் பக்கம் குடிவந்தார். உப்புக்காற்றில் அவர் சைக்கிளின் ஹேண்டில் இறுகியது. அண்ணிக்காக அதைச் சரிசெய்ய, மேல் கப்பைக் கழற்றினார். கீழ்க் கப்பு வரவில்லை.
4. சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்ந்தார். வீடு திரும்பவில்லை.

கப்பு என்பது ஹேண்டில் குழாயின் வாயில் அழுத்திச் செருகிய இரும்புக் கிண்ணம். பால்ரஸ் குண்டுகள் அதில்தான் ஓடும். அதற்குத் திருகிக் கழற்ற மரை கிடையாது. இறுக்கம் ஒன்றுதான் பிடித்து நிறுத்துகிறது. கோணலாக அடித்தால் குழாயின் வாய் அகன்றுவிடும். பிறகு எந்தக் கப்பும் நிற்காது, ஃப்ரேமே பழைய இரும்புதான். அண்ணிக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. அவர் சலவை வேலை பார்க்கும் விடுதிப் பக்கம் பேருந்து நிற்பதில்லை.

அண்ணனின் வருட நினைவு நாளுக்கு வேலைகள் செய்ய வந்த மாமா, என் அம்மாவின் தம்பி, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார்.

"அவனே சொன்னாம்மா. கட்டில்ல படுத்துகினு, 'அந்தக் கப்பு சுத்தி அடிச்சாத்தான் வரும்'னான். நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்."

நான் எழுந்து வருவதற்குள், குழாய்க்குள் கம்பியை விட்டுச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டார். கப்பு ஒரு பக்கம் வெளியே வந்து, மறுபக்கம் சிக்கிக்கொண்டது.

அண்ணி சோப்புக் கையோடு ஓடிவந்தார். "நிறுத்துங்க மாமா. சுத்தி அடின்னாரு. சுத்தியால அடின்னாரா?"

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"வூட்டச் சுத்தி வாங்கன்னா, சுத்தியத் தூக்கிகினு வருவீங்களா?"

மாமா சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சிக்கிய பக்கத்தை மட்டும் மெல்லத் தட்டி முதலில் கோணலை நிமிர்த்தினேன். பிறகு இங்கே ஒரு தட்டு, நேர் எதிரே ஒரு தட்டு, அப்படியே சுற்றிச் சுற்றி. அண்ணி ஃப்ரேமைப் பிடித்தபடி குனிந்து, எந்தப் பக்கம் இடைவெளி குறைகிறது என்று பார்த்துச் சொன்னார். "இந்தாண்ட பாக்கி கீது." கடைசியில் கப்பு கழன்று தரையில் உருண்டது. மாமா அதை எடுத்துத் துடைத்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அப்பாவும் மாமாவும் பேச்சு நிறுத்தியிருந்த காலம் உறவினர்கள் பலருக்கு நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று அண்ணன் ஒரு நாளும் பேசியதில்லை. இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்வார், அங்கே போய் ஒரு வார்த்தை சொல்வார், பிறகு மறுபடியும் இங்கே. ஒரு கிருத்திகையன்று திருப்போரூரில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

"என்னையும் இப்டித்தாம்மா கழட்டினான்" என்றார் மாமா.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும், மருத்துவமனையில் அண்ணியுடன் முறை வைத்துத் தங்கிய அண்டை வீட்டாருக்கும், அப்பாவை இன்றும் பார்த்துக்கொள்ளும் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குழாயின் வாய் வட்டமாகவே இருக்கிறது. புதுக் கப்புகள் இரண்டும் பொருத்தியாயிற்று. அண்ணி அந்த வண்டியில் வேலைக்குப் போய் வருகிறார்.