அப்பா பிணமாக நடித்த படம்

சினிமாக்காரர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரே ஒரு படப்பிடிப்புப் பார்த்தேன். அதுவே ஆயுசுக்கும் போதும்.

எங்கள் வீடு காரைக்குடி செக்காலையில். அப்பா தச்சு வேலை செய்பவர். பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டில் படம் எடுக்கிறார்கள், உதைத்தால் உடைகிற மாதிரி ஒரு கதவு வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் வேடிக்கை பார்க்கப் போனோம். கதையில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் மூச்சுக்கு முந்நூறு தடவை சட்டம் பேசுவார். மற்றவர் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பார். இரண்டு ஸ்டேஷன் எல்லைக்கு நடுவில் ஒரு பிணம் கிடக்கும். வழக்கு உன் தலையில்தான் என்று அடுத்தவர் எல்லைக்குள் அதை மாறி மாறி இழுத்துப் போடுவார்கள்.

பிணமாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. படக் கம்பெனி மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒட்டிய கன்னமும் கையில் உளியுமாக நின்ற அப்பா கண்ணில் பட்டுவிட்டார். அப்பாவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

பதினோரு தடவை இழுத்தார்கள். சட்டக்காரர் காலைப் பிடித்து ஒரு பக்கம், தின்கிறவர் கையைப் பிடித்து மறுபக்கம். வடைத் துணுக்கு அப்பாவின் நெற்றியில் விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எழுந்து ஒரு அறை விட்டால் என்ன என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முந்தின காட்சியில் செத்துப்போன பெரிய நடிகரை, முடிந்த கையோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்திருந்தார்கள். சாவுக் காட்சியில் நடித்தவர் அப்படிச் சிரித்துவிட்டால் தோஷம் தங்காதாம். அப்பாவின் முறை வந்தபோது மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“அவுகள மட்டும் சிரிக்க வச்சீக. எங்க வீட்டு மனுசர ஏன் விட்டீக?” என்று அம்மா மேனேஜரை மறித்தாள்.

“அவரு ஆர்ட்டிஸ்ட்டும்மா. இவரு சும்மா பொணம்தானே?”

அம்மா கேமராவுக்கு முன்னால் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து நிப்பீக? சிரிப்ப எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.” அப்பாவின் உயிருக்கே ஆபத்து என்று மெய்யாகவே நம்பினாள்.

மேனேஜர் கேமராக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “சரி, எடுங்க” என்றார். படம் ஓடும்போது கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும் என்பதை அன்று முழுக்கப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். இப்போது அது எரியவில்லை. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிறகு முதுகெல்லாம் மண்ணோடு நின்றபடி, கடைவாய்ப்பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மா அவர் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள். ஏமாற்றுகிறவனிடமே இளித்துக் காட்டிவிட்டு வருகிறாரே இந்த மனிதர் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அந்தச் சிரிப்பு யாருக்கு என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை.