கம்ப்யூட்டர் பார்க்க வந்த மாமனார்

பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள், பெண்ணின் அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி என் ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் பார்க்க.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பைப் கம்பெனி. அதில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

அன்று ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை என்றால் பேங்க், இல்லாவிட்டால் ரயில்வே. கம்ப்யூட்டர் என்பது உத்தியோகமா, வியாதியா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

எனக்கோ பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. (காபி டம்ளரை நீட்டியபடியே, "உங்க மெஷின்ல ஹார்டு டிஸ்க் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டவள். இல்லை என்றேன். அனுதாபத்தோடு பார்த்தாள்.)

செருப்பைக் கழற்றச் சொன்னேன். தூசி ஆகாது.

"உள்ள யாரு எழுந்தருளியிருக்கா?" என்றார் மாமா.

ஏ.சி. அறை. மேனேஜருக்கே வெறும் மின்விசிறிதான். மாமா மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

உள்ளே 8088 ப்ராசஸர், இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், பச்சை எழுத்துத் திரை. இன்றைக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தில்கூட அதைவிட வேகமான சிப் இருக்கிறது. அன்று கையைக் கழுவாமல் நான் அதைத் தொடுவதே இல்லை.

அந்த மாதச் சம்பளக் கணக்கை ஓடவிட்டுக் காட்டினேன்.

"இது எத்தனை பேர் வேலையைப் பண்ணும்?"

"பத்து குமாஸ்தா வேலை, மாமா." பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமா திரையைப் பார்த்தார். பிறகு என்னை.

"அந்தப் பத்துப் பேர்ல நீங்க எத்தனாவது?"

அடுத்த வருடம் இன்னும் வேகமான மெஷின் வரப்போகிறது என்று வேறு ஏற்கெனவே உளறியிருந்தேன்.

"அப்போ நான் கிளம்பறேன்" என்று குடையை எடுத்தார். அந்தத் தொனியிலேயே வரன் தட்டிப்போய்விட்டது.

அப்போதுதான் கரண்ட் போனது.

மேனேஜர் ஓடி வந்தார். "யோவ், சம்பளக் கணக்கு என்னய்யா ஆச்சு?"

"போச்சு சார். முதல்லேர்ந்து ஏத்தணும்."

மாமா வாசலில் நின்றுவிட்டார்.

"எல்லாத்தையும் மறந்துடுத்தா?"

"கரண்ட் போனா மறந்துடும் மாமா. மெமரி அப்படி."

"திரும்ப யாரு சொல்லித் தருவா?"

"நான்தான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

மாமா குடையைச் சுவரில் சாய்த்தார். "நம்மூர்ல கரண்ட் போறது என்னைக்கு நிக்கறது? பேங்க்கைவிட ஸ்திரமான உத்தியோகம்னா இது!"

முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கம்பெனி யூ.பி.எஸ். வாங்கியது. இனி கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாது. ஆபீஸே கைதட்டியது, என்னைத் தவிர.

கல்யாணப் பந்தியில் மேனேஜர் சரியாக மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து அதைத்தான் விவரித்தார்.

மாமா நேரே என்னிடம் வந்தார். தாலி கட்டியாகிவிட்டது என்பது ஒன்றே ஆறுதல்.

"மாப்ளே, ஏதோ புதுசா வந்திருக்காமே. பேட்டரியில ஓடறதா?"

"ஆமா மாமா."

"பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் யாரு ஊத்துவா?"

"நான்தான்."

மாமா திரும்பிப் போய் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்.