செல்லாது என்று நான் சொன்ன ஓட்டம்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. எங்கள் திருச்சுழிப் பக்கத்து மிளகாய் வத்தலைக் கோயம்புத்தூர் வரை கொண்டுபோய், அங்கே சொந்தமாகக் கடை போட்டு உட்கார்ந்தவன் நான். சென்னைக்காரன் வந்தால் சென்னைப் பேச்சு, நாகர்கோவில்காரன் வந்தால் அவன் பேச்சு. எந்த ஊர்க்காரனிடமும் அவன் வாயாலேயே பேசி மூட்டையைத் தள்ளிவிடுவேன். படித்த பிள்ளைகளே அசந்துபோய் நிற்பார்கள். இத்தனை சாமர்த்தியக்காரன் பதினொரு வயதில் செய்த ஒரு காரியத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அறுபதுகளின் கடைசி. என் அத்தையைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குப் பஞ்சாலையில் வேலை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மூக்கு ஒழுக நின்ற என்னைப் பார்த்து, “ஏனுங் மாப்ளே, சாப்டீங்ளா?” என்று கேட்டார். என்னை ‘நீங்க’ போட்டுப் பேசிய முதல் மனிதர் அவர்தான். இரண்டு நாளைக்கு நான் தரையில் நடக்கவில்லை. மறுவருடம் மஞ்சள்காமாலையில் மாமா போய்ச் சேர்ந்தார். அத்தை பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் எங்கள் தெருவுக்குக் கொண்டாட்டம். நாங்கள் கோலி என்பதை அவள் குண்டு என்பாள். செல்லாங்குச்சியைக் கிட்டிப்புள் என்பாள். நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் அத்தையும் சும்மா இருக்கமாட்டாள். “ஏனுங்ம்மா, வெளையாடப் போகட்டுங்ளா?” என்று மகள் கேட்டால், சோற்றுப்பானையை அப்படியே விட்டுவிட்டு, “என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு” என்பாள். அவள் சொல்வாள். அத்தை கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். பெற்றவளே கேலி செய்கிறாள், நமக்கென்ன என்று நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

ஆனால் விளையாட்டில் அவளைத் தொட முடியாது. குழியில் குச்சியை வைத்துக் கெந்திக் கிளப்பி அடித்தாள் என்றால் காட்டைத் தாண்டி விழும். மூன்று நாள் என்னைத் தோற்கடித்தாள். நாலாம் நாள் அவள் அடித்த குச்சியை நான் அந்தரத்திலேயே பிடித்துவிட்டேன். ஆள் அவுட்டு.

தோற்றவருக்கு ஒரு தண்டனை உண்டு. ஜெயித்தவன் குச்சியைத் தூர அடிப்பான். அது விழுந்த இடத்திலிருந்து குழி வரைக்கும், மூச்சு விடாமல் சத்தம் கொடுத்தபடியே தோற்றவர் ஓடிவர வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ‘கவடி கவடி’ என்று சொல்லவேண்டும். இருந்த வேகத்தையெல்லாம் கூட்டி அடித்தேன். கம்பங்கதிர் அறுத்த காட்டில் போய் விழுந்தது.

அவள் ‘கூ...’ என்று நீளமாகக் கூவிக்கொண்டே ஓடிவந்து குழியைத் தொட்டாள். மூச்சு எங்கேயும் அறவில்லை.

“செல்லாது” என்றேன்.

“ஏனுங் செல்லாது? எங்கூர்ல இப்படித்தானுங்.”

“அப்ப ஒங்கூருக்கே போயி ஓடு. இங்க கவடிதேன்.”

“ஏலே, குயிலு ஓடுதுலே!” என்றான் ஒருவன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் திரும்பிப் போனாள். மறுபடியும் ‘கூ...’ தான். செல்லாது. மூன்றாவது தடவையும் அதுவே. அறுத்த கம்பின் அடிக்கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும் காடு. அவள் காலில் செருப்பில்லை. நாலாவது தடவை குழி ஓரத்துக் கரிசல் மண்ணில் ரத்தம் சொட்டியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் செல்லாது என்றேன். ஐந்தாவது தடவை, என் முகத்தையே பார்த்தபடி, “கவடி கவடி கவடி” என்று ஓடிவந்தாள்.

சாயங்காலம் அத்தை பதறிப்போய், “காலுல என்னடி?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா, கட்டை குத்திருச்சு.”

அத்தை மஞ்சளை அரைத்த கையோடு நிமிர்ந்தாள். “எப்பவும் போலச் சொல்லு.”

“இனிமே இப்பிடித்தேன் பேசுவேன்.”

அத்தை காயத்துக்கு மஞ்சளைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நானோ, ‘நாந்தேன் அவளுக்கு நம்ம பேச்சைக் கத்துக்குடுத்தேன்’ என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் அத்தை அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட அப்போது என் புத்தியில் ஏறவில்லை. மகள் வளர்ந்து எங்கள் பக்கத்திலேயே பாளையம்பட்டியில் வாழ்க்கைப்பட்டாள். இன்றுவரை அவள் பேச்சில் ஒரு ‘ங்க’ தவறிக்கூட வந்ததில்லை.

கடை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு, என் பெருமையைக் காட்டத்தான் அத்தையைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். அவள் கடையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங், வத்தல் காரமுங்ளா?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

“அத்தை, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

“செத்த இருடா. அவுக பேசட்டும்.”

திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு அவர் பேச்சு எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது அந்தப் பிள்ளையின் வாயில் மட்டும்தான். அதைக் கேட்டு அத்தை சிரித்த சிரிப்பைக் கேலி என்று நம்பித்தான் நான் அவள் மகளை ஐந்து தடவை ஓடவிட்டிருந்தேன்.