நானூற்றுப் பன்னிரண்டாம் பிள்ளை

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

புனோம்பென்னில் ஒரு படக் காப்பகம் இருக்கிறது. போர்க்காலத்தில் வெளிநாட்டார் எங்களுக்குச் சோறு போட்டார்கள் அல்லவா, அதை அவர்களே எடுத்துவைத்த பதினெட்டாயிரம் படங்கள் அங்கே. தரை துடைப்பது என் வேலை. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம்தான். ஆனால் படம் பார்க்கத் தெரியும். எல்லாப் படத்திலும் கொடுக்கிறவன் நடுவில், பல் தெரிய. வாங்குகிறவன் ஓரத்தில், பாதி முகத்தோடு. எண்பதாம் வருஷம் என்னையும் ஒரு அரிசி மூட்டையோடு நிற்கவைத்து எடுத்தார்கள். எடுத்ததும் மூட்டையைப் பிடுங்கி அடுத்தவன் தோளில் வைத்தார்கள். தூ!

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது என் தங்கச்சி கொலாப்புக்காக. அவளைத் தொலைத்தபோது எனக்கு இருபத்துநாலு, அவளுக்கு ஏழு. எல்லைக்கு ஓடும்போது கூட்டத்தில் கை நழுவிவிட்டது. வேறொரு முகாமில் அவளைத் தனிப் பிள்ளை என்று எழுதி, 412 என்று போட்ட சிலேட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். நான் தேடிப்போனபோது அவள் இல்லை. “யாரோ சொந்தக்காரன் வந்து கூட்டிப்போயிட்டான்” என்றான் குமாஸ்தா, தலையைக்கூடத் தூக்காமல்.

எவன்? அது படத்தின் பின்பக்கத்தில்தான் இருக்கும். பிள்ளையைக் கேட்டு வருகிறவனிடம் அங்கேயே கைரேகை வாங்கிக்கொண்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். வேறு விசாரணை கிடையாது. சந்தையில் கோழி விற்கிறவன்கூட நாலு கேள்வி கேட்பான்.

தனிப் பிள்ளைகளின் படங்கள் மட்டும் ஒரு பெட்டியில் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. நாற்பத்தாறு வருஷம் கழித்து, போன மாசம்தான் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. காப்பகத்துப் பெண் ரச்சனா மறித்துக்கொண்டு நின்றாள்.

“தொடாதீங்க தாத்தா. கையுறை போட்டவங்கதான் தொடணும்.”

“கையுறை போட்டுக்கிட்டுத்தான் என் தங்கச்சியத் தொலைச்சாங்களா?”

“எனக்கு வயசே இருபத்தாறு. என்னை ஏன் கடிக்கிறீங்க? பட்டியல் போட்டு முடிச்சதும் நானே காட்டுறேன்.”

“எப்ப முடியும்?”

“ரெண்டு வருஷம் ஆகும்...”

“அப்ப என்னையும் ஒரு பெட்டில போட்டு நம்பர் ஒட்டிரு.”

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மணி 12.35. கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் இல்லாத அறை. குளிர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 409... 410... 411...

12.41. மின்சாரம் போனது.

கன்னங்கரிய இருட்டு. உறுமலும் நின்றுவிட்டது. கதவு இருந்த பக்கம் கையை நீட்டினேன். சுவர்தான் தட்டியது. நகர்ந்து தடவினேன். மறுபடியும் சுவர்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

பலப்பம் சிலேட்டில் உரசுகிற சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

எலி மூன்று இலக்கம் எழுதி நிறுத்துமா?

“எவன்டா அது?”

நனைந்த சாக்கு நாற்றம் வந்தது.

என் சுண்டுவிரலை ஒரு கை பிடித்தது. சின்னக் கை. சில்லென்று...

“அண்ணா... ஏன் இவ்ளோ நேரம்?”

என் நாக்கு எழவில்லை.

“ரேகை வெச்சாத்தான் விடுவாங்களாம்.”

என் கட்டைவிரல் ஏதோ ஈரத்தில் பதிந்தது. பிறகு காகிதத்தில்.

அழுத்தினேன். அவள் குரல் அது...

12.44. விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை. கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. என் கட்டைவிரலில் நீல மை. மேசைமேல் 412. படத்தில் கொலாப், கண்ணை இடுக்கிக்கொண்டு.

ரச்சனா வந்து கத்தினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். படத்தைத் திருப்பினோம். பின்பக்கத்தில் ஒரு நீல ரேகை. தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் விரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

மறு வாரம் ஒரு நிபுணர் பூதக்கண்ணாடியோடு வந்தார். ரேகை என்னுடையதுதான் என்றார். மை நாற்பது வருஷத்துக்கு மேல் பழையது என்றும் அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ரேகைக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார நர்ஸ் பென்சிலில் கிறுக்கியிருந்ததை ரச்சனா எனக்குப் படித்துச் சொன்னாள். ‘1980, மார்ச் 9. அண்ணன் என்கிறாள் பிள்ளை. நரைத்த தலை, எழுபது வயது இருக்கும். வாய் பேசவில்லை. பிள்ளையே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒப்படைத்தோம்.’

எழுபது வயதுக் கிழவனுக்கு ஏழு வயதில் எப்படியடா தங்கச்சி என்று கேட்க அந்த முகாமில் ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

கூட்டிப்போனவன் நான்தான். எங்கே கொண்டுபோய் விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.