பால்கனியில் காய்ந்த படுக்கை விரிப்பு

அதிகாலை ஐந்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. மருத்துவச்சிக்கு ஒன்பது மணிக்குத்தான் போன் செய்தேன். இப்போதுதான் உடைந்தது என்று கூசாமல் சொன்னேன்.

என் முதல் பிரசவம் வழக்கப்படி அம்மா ஊரில், கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. வலி வருவதற்கு ஊசி, வந்த வலியில் கத்தினால் அதட்டல், பிறந்த மகளைக் கண்ணில் காட்டவே மூன்று மணி நேரம். நான்கு வருடமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. இரண்டாவதை, நாங்கள் குடியிருக்கும் மராட்டிய ஊரான நிக்டியில், எங்கள் வீட்டிலேயே பெறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கணவர் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு வழிக்கு வந்தார். ஆஸ்பத்திரி வேலையை விட்டுத் தனியாகப் பிரசவம் பார்க்கும் ஒரு மராட்டியப் பெண்மணி கிடைத்தார். அவர் ஒரு விஷயத்தில் படு கறார். பனிக்குடம் உடைந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை வராவிட்டால் பேச்சே இல்லை, ஆஸ்பத்திரிதான்.

ஐந்து மணி என்று சொன்னால் மாலை ஐந்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வலியோ எட்டரைக்குத்தான் எட்டிப் பார்த்தது. அதனால் நான்கு மணி நேரத்தைத் திருடினேன். ஹிஞ்சேவாடி ஆபீசுக்குக் கம்பெனி கேபில் கிளம்பிய கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

உண்மை தெரிந்தது, பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்து என் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு மட்டும்தான். நனைந்த விரிப்பை விடிவதற்குள் அலசி பால்கனிக் கொடியில் போட்டதே அம்மாதான். இடுப்பு வலிக்கிறது என்றதும் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பொய் வலியென்றால் அடங்கும், நிஜமென்றால் ஏறும் என்பது அம்மாவின் கணக்கு. ஏறியது.

பத்து மணிக்கு மருத்துவச்சி வந்தார். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"அந்தம்மாகிட்ட அஞ்சு மணின்னு சொல்லிப்போடு கண்ணு" என்றார் அம்மா.

"டீக்கு எவ்வளவு சர்க்கரைன்னு அம்மா கேக்குறாங்க" என்றேன் இந்தியில்.

அரை ஸ்பூன் என்றார் மருத்துவச்சி.

"என்ன சொல்றாங்க?"

"பரவாயில்லைங்கறாங்கம்மா."

அம்மா என்னை நம்பவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அன்று வியாழக்கிழமை, எங்கள் பகுதியில் வாராவாரம் கரண்டை நிறுத்தும் நாள். ஏப்ரல் வெயிலில் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வலி வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வேன், விட்டதும் மறுபடி நடப்பேன். மடித்த துணியைப் பிரித்து மடித்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன், ஐந்து நிமிடத்தில் நானே பீரோவைத் திறந்து மணி பார்த்தேன். போன் செய்ததும் ஆபீசிலிருந்து பதறி ஓடிவந்த கணவரை, மகளைக் கீழ்வீட்டில் விட்டு வரச் சொல்லி விரட்டினேன்.

மதியம் பால்கனியில் அம்மா மருத்துவச்சியிடம் தமிழில் உரக்கப் பேசுவது கேட்டது. என்ன புரிந்துவிடப் போகிறது என்று தைரியமாக இருந்தேன்.

அரை மணிக்கொரு தடவை மருத்துவச்சி என் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். மூன்று மணிக்குக் கருவியை எடுக்காமல் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"குழந்தை நல்லா இருக்கா?"

"இருக்கு. உனக்குத்தான் ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கே" என்று என் முகத்தையே பார்த்தார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "அஞ்சு மணிக்கே உடைஞ்சிடுச்சு. பொய் சொல்லிட்டேன்" என்று அழுதேன்.

"தெரியும். அம்மா மத்தியானமே சொல்லிட்டாங்க."

"அவங்களுக்குத்தான் இந்தி தெரியாதே!"

அம்மா விரிப்பைப் பிடித்துக் காட்டியதைப் போலவே மருத்துவச்சி ஒரு கையால் புடவை முந்தானையைப் பிடித்துக் காட்டினார், மறு கையில் ஐந்து விரலை விரித்தார். கொடியில் விரிப்பு காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. கீழே அவருடைய கார் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஆஸ்பத்திரிக்கும் போன் போயிருந்தது.

"அப்புறம் ஏன் கேக்கல?" எனக்குக் கோபம் வந்தது, வெட்கமில்லாமல்.

"என்கிட்ட பெரிய மெஷின் எதுவும் இல்ல. நீ சொல்றத நம்பித்தான் நான் வீட்டுக்கு வரேன். நீயே சொல்லுறியான்னு பாத்தேன். நாலரைக்குக் கிளம்புறோம்."

சரி என்றேன். மனசார. நாலரைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம், குழந்தை நன்றாக இருந்தால் போதும். பையைக் கீழே கொண்டுபோகச் சொல்லிக் கணவரை நானே அனுப்பினேன். அவர் திரும்பி வருவதற்குள் வலி ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. தரையில் போட்ட மெத்தையில் முட்டி போட்டேன், அம்மாவின் தோளைக் கடித்தேன். நாலு பத்துக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். பிறந்த நொடியே என் நெஞ்சின்மேல் கிடந்து அழுதாள்.

எல்லாம் அடங்கியபின் மருத்துவச்சி குறிப்பேட்டைத் திறந்தார். காலையில் எழுதிய ஒன்பதை அடித்துவிட்டு, பேனாவும் கையுமாக என்னிடம் கேட்டார்.

"பனிக்குடம் உடைஞ்சது எத்தனை மணிக்கு?"

"என்ன கண்ணு கேக்குறாங்க?" என்றார் அம்மா.

கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஐந்து என்றேன், முதலில் இந்தியில், பிறகு தமிழில்.