துருத்தி இல்லாத பெடல்

போன ஞாயிறு பூசைக்கு முன் கீபோர்டின் பிளாஸ்டிக் பெடல் வழுக்கிச் சுவரடிக்குப் போய்விட்டது. குனிந்து இழுத்தேன், கொயரில் பாடும் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பெடல் விஷயத்தில் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவள் ரெஜினா.

நான் எங்கள் ஊரான கீரியில், மாதா கோயிலில் வாசித்துப் பழகியது கால் ஆர்மோனியம். இரண்டு காலாலும் துருத்தியை மாறி மாறி மிதிக்க வேண்டும். நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். எட்டு வருசம் மிதித்த கால். பக்கத்து டவுனில் ஒரு கொன்வென்ட் பள்ளிக்கூடம் பியானோ வாசிக்கும் சங்கீத ரீச்சர் தேடியபோது, பியானோ என்ன பெரிய பியானோ என்று விண்ணப்பம் போட்டேன். கிடைக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தேர்வுக்கு முந்திய வாரம் வந்து பள்ளிப் பியானோவில் பழகலாம் என்றார்கள். வந்தது இரண்டே பேர்: நானும் விடத்தல்தீவு ரெஜினாவும். அவள் இந்திய அகதி முகாமில் வளர்ந்து, திருச்சியில் பியானோ படித்துவிட்டுத் திரும்பியவள். பேச்சும் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பூச்சி உருண்டை மணக்கும் பியானோ அறையில் நான் வழக்கம்போல் பெடலை மிதிக்கத் தொடங்கினேன். பியானோப் பெடல் மிதித்தால் சுரத்தை அடங்கவிடாது; எல்லாம் ஒன்றோடொன்று கஞ்சியாகக் குழைந்தது.

"ஐயோ, அது துருத்தி இல்லப்பா!" என்று சிரித்தாள். "அடுத்த சுரத்தில விரல் விழேக்க காலை எடுங்கோ. உடனே திரும்ப மிதியுங்கோ."

"எடுத்தா சத்தம் நிண்டிடுமே?"

"விரல் இருக்குத்தானே. பயப்படாதீங்க."

என் பாட்டுத் தாளில் கால் எடுக்கும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தந்தாள். நாலாம் நாள் வலது கால் வசத்துக்கு வந்தது. இடது கால்தான் தன்பாட்டில் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

தேர்வில் அவள் முதலில் வாசித்தாள். வெளியே வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். என்னைவிட எவ்வளவோ திறம். பிறகு நான். பிழை விடவில்லை. தேர்வு நடத்திய சிஸ்டர் கேட்டது ஒன்றுதான்: "ஞாயிறு காலமைப் பூசைக்கும் வாசிப்பீங்களோ?"

"ஓம் சிஸ்டர், வீடு கிட்டத்தானே."

விடத்தல்தீவிலிருந்து முதல் பஸ் வந்துசேரும்போது பூசை முடிந்திருக்கும். வேலை எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வாசலில் ரெஜினா, "கால் சரியா எழும்பிச்சா?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். அவ்வளவுதான். சந்தோசத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வீட்டுக்கு நடையைக் கட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பியானோவைக் கறையான் தின்றதால் விறகாக்கிவிட்டார்கள். கீரி ஆர்மோனியமும் எங்கேயோ போய்விட்டது. ரெஜினா திரும்பவும் இந்தியாவுக்குப் போனதாகக் கேள்வி. பதினைந்து வருசமாக நான் சாப்பிடுவது அவள் பழக்கிய காலின் சோறு. அதைச் சொல்லி எழுத அவளுடைய விலாசம்கூட என்னிடம் இல்லை.